நம் கஞ்சியை யார் அளந்து பார்ப்பது?

இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உடல்நலம், உயிரியல், தமிழ், மொழியியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு வருடமாக உயிரியல் படிப்பிக்கிறவள். உங்கள் விரிவுரை மண்டபங்களில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் இருந்து வந்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒரு விஷயம்தான்: விழுங்குவதையும் பேச்சையும் ஆராயும் ஒருவரை இங்கிருந்து உருவாக்குங்கள். ஆனால் அதற்கு முதல் என் அப்பாவைப் பற்றியும், நான் ஒருநாளும் நேரில் கண்டிராத ஓர் அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா மத்தள அண்ணாவியார். வடமோடிக் கூத்து. எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக்கு ஆடவும் பாடவும் பழக்கியவர். வட்டக்களரியில் இரவு முழுக்க நின்று பாடிவிட்டு, விடிய வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் கேட்கும்போதும் அவருடைய குரல் கம்மியிருக்காது. எழுபத்தொரு வயதில், ஒரு பங்குனி மாத விடிகாலையில் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கதைக்கவும் முடியாமல் போனது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்த தாதிமார் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அத்தனை கட்டிலுக்கு இரண்டு பேர் எப்படி ஓடுவார்கள்? இரண்டாம் நாள் சேலைனை நிறுத்திவிட்டு, "இனி மெதுவாய் ஏதும் குடுங்க" என்றார்கள். சுகமில்லாதவருக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? அம்மா பிளாஸ்கில் கஞ்சி கொண்டு வந்தார். நான் அப்பாவைத் தலையணையில் சாய்த்து வைத்துக் கரண்டியால் ஊட்டினேன். ஒரு தரம்கூடப் புரைக்கேறவில்லை, இருமவில்லை. "நல்லா இறங்குது அம்மா" என்று சொன்னது இப்போதும் என் காதில் கேட்கிறது. மறுநாள் காய்ச்சல். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாய் இருந்தது.

"சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கு" என்றார் டொக்டர்.

"இருமவே இல்லையே ஐயா."

"இருமாமலும் போகும்."

வருடா வருடம் கரும்பலகையில் தொண்டையின் படம் கீறி, "விழுங்கும்போது மூச்சுக்குழல்வாய்மூடி மூடிக்கொள்ளும், உணவு களத்துக்குள் (உணவுக்குழாய்க்குள்) போகும்" என்று எழுதிக் கொடுத்தவள் நான். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். அந்த வரி நடக்காமல் போனால் என்னவாகும் என்று நானும் யோசித்ததில்லை, எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

உங்கள் விரலைக் குரல்வளையில் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி முன்னுக்கு வந்து திரும்ப இறங்கும். அதற்குள் மென்னண்ணம் உயர்ந்து மூக்கு வழியை அடைக்கிறது, குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, மூச்சு நிற்கிறது, மூடி மடிகிறது, களத்தின் மேல்வாசல் திறக்கிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள். மூளையில் இருந்து வரும் ஐந்து சோடி நரம்புகள் சேர்ந்து இதைச் செய்கின்றன. பாரிசவாதம் வந்தால் இந்த ஒழுங்கு குலையும். குரல்வளை பிந்தி எழும்பினால் தண்ணீர் அதற்கு முதல் உள்ளே போய்விடும். அங்கே உணர்ச்சியும் குறைந்திருந்தால் இருமலே வராது. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பாரிசவாதம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு விழுங்குவதில் குறை என்று முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மேலோட்டமாகப் பார்த்தால் 37 முதல் 45 சதவீதம். கருவி வைத்துப் பார்த்தால் 64 முதல் 78 சதவீதம். இந்த இரண்டுக்கும் இடையில் விடுபட்டுப் போகிறவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பா அந்த நிமோனியாவில் இருந்து தப்பினார். மூக்குக்குழாயோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் நான் இரவுகளில் வாசிக்கத் தொடங்கினேன். அப்படி வாசித்துக்கொண்டு போகையில் கிடைத்த பெயர் ஜெரி லோகமன்.

1942இல் பிறந்து 2014இல் மறைந்தவர். சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் உள்ள நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார், அங்கேயே பேராசிரியராகி வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்தார். அவர் தொடங்கியது பேச்சில் இருந்து. 1978இல் அவரும் கூட்டாளிகளும் பார்க்கின்சன் நோயாளர் 200 பேரின் பேச்சைக் கேட்டுப் பதிந்து வெளியிட்டார்கள்: 89 சதவீதமானவர்களுக்குக் குரலில் குறை, 45 சதவீதமானவர்களுக்கு உச்சரிப்பில் குறை. இப்படிப் பேச்சைக் கேட்கப் போனவருக்கு விழுங்குவது எப்படிக் கண்ணில் பட்டது? அதே நாக்கு, அதே அண்ணம், அதே குரல்வளை. நாக்கில் புற்றுநோய் வந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தவரிடம், "சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள்" என்று பயிற்சி கொடுக்க இருந்தால், அவருக்கு அதைவிட அவசரமான தேவை ஒரு வாய் சோறு.

தமிழில் யோசித்தால் இது இன்னும் இலகுவாகப் புரிகிறது. மிடறு என்றால் தொண்டை. ஒரு மிடறு தண்ணீர் என்றால் ஒரு தடவை விழுங்கும் அளவு. எழுத்துப் பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது நம் பழைய இலக்கணமும் மிடற்றைச் சொல்கிறது, நாவையும் அண்ணத்தையும் சொல்கிறது. குடிப்பதற்கும் கதைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், பேச்சையும் விழுங்குவதையும் ஆராயும் இந்தத் துறை இவ்வளவு காலம் வேர் பிடிக்காமல் இருப்பது எனக்கு ஆறாத கவலை.

லோகமனுக்கு முன்பும் பேரியம் (எக்ஸ்ரேயில் வெள்ளையாய்த் தெரியும் பொருள்) குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆனால் அது களத்திலும் இரைப்பையிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க. ஒரு கோப்பையை முழுசாகக் குடிக்கச் சொல்வார்கள். விழுங்கத் தெரியாமல் தவிக்கிறவருக்கு அந்தக் கோப்பையே ஆபத்து. அவர் அதை மாற்றினார். நோயாளியை நிமிர்த்தி இருத்தினார். 1 மில்லிலீற்றரில் தொடங்கி, 3, 5, 10 என்று கூட்டினார். தண்ணீர் போன்றது, களி போன்றது, கடைசியில் பேரியம் பூசிய ஒரு துண்டு பிஸ்கட். ஓடும் எக்ஸ்ரேப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தக் கணத்தில், எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று கண்டுபிடித்தார். 1983இல் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பாடநூல் எழுதினார். உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் படித்த நூல் அது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இன்னொன்று. குறையைக் கண்டுபிடித்ததோடு படத்தை மூடி வைக்கவில்லை. அந்த எக்ஸ்ரே ஓடும்போதே, "நாடியை (மோவாயை) கீழே பணித்து விழுங்குங்கள்", "தலையை இந்தப் பக்கம் திருப்பி விழுங்குங்கள்" என்று சொல்லி, எது உதவுகிறது என்று அந்த இடத்திலேயே பார்த்தார். தொண்டையின் ஒரு பக்கம் பலமிழந்தவர், பலமில்லாத பக்கத்துக்கே தலையைத் திருப்பினால் அந்தப் பக்க வழி ஒடுங்கி, உணவு நல்ல பக்கத்தால் இறங்கும். 1989இல் அவரும் கூட்டாளிகளும் இதை அளந்து காட்டினார்கள். நம் ஊரில் சொன்னால், கழுத்தைக் கிறுக்கி விழுங்குவது. அவ்வளவுதான். மருந்து இல்லை, செலவு இல்லை. (இதை வாசித்துவிட்டு வீட்டில் யாரும் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். ஒருவருக்கு உதவுவது மற்றவருக்குக் கெடுதலாகவும் முடியும். அதனால்தான் அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார்.)

தண்ணீர் வேகமாக ஓடுகிறது, தடிப்பாக்கினால் மெதுவாக இறங்கும், ஆபத்துக் குறையும் என்று பல காலமாக நம்பி வந்தார்கள். லோகமனும் ஜோஆன் ரொபின்ஸும் மற்றவர்களும் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். முடிவுகள் 2008இல் வந்தன. மறதிநோயோ பார்க்கின்சனோ உள்ள 711 பேரை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, தேன் போலத் தடித்த பானம்தான் நுரையீரலுக்குள் குறைவாகப் போனது. நம்பியது சரி என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்து, உண்மையிலேயே நிமோனியா வந்ததா என்று பார்த்தார்கள். 52 பேருக்கு வந்தது. நாடியைப் பணித்துச் சாதாரண பானம் குடித்தவர்களுக்கும், தடித்த பானம் குடித்தவர்களுக்கும் இடையில் தெளிவான வித்தியாசம் இல்லை. தடித்ததைக் குடித்தவர்களில் நீரிழப்பு கூடுதலாகத் தெரிந்தது. திரையில் கண்டதும் வாழ்க்கையில் நடந்ததும் ஒன்றாக இருக்கவில்லை. அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். முப்பது வருடம் அந்தத் திரையை நம்பி உழைத்த ஒருவர் தன் பெயரை அந்த முடிவின் கீழ் போட்டதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விஞ்ஞானம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சரி, இப்போது கஞ்சிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு நான் ஊட்டியது என்ன? மேலே தெளிந்த தண்ணீர், கீழே சோற்றுப் பருக்கை. நீர்த்ததும் திண்மமும் ஒரே வாயில். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு இந்தக் கலவை மிகவும் கடினமானது என்று பிறகுதான் வாசித்தேன். பருக்கையை மெல்ல முதலே தண்ணீர் தொண்டைக்குள் ஓடிவிடும். சொதி ஊற்றின சோறும் அப்படித்தான். நாம் அன்பாகக் கொடுக்கும் இரண்டும்.

உலகத்தில் இப்போது உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலையாகப் பிரித்து அளக்கும் ஒரு முறை இருக்கிறது. பல நாட்டவர் சேர்ந்து உருவாக்கியது. பானத்தை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று போதும். ஊசி இல்லாமல், அடியை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து, பத்து விநாடியில் திரும்ப அடைக்க வேண்டும். மிச்சம் 1 மில்லிலீற்றரிலும் குறைந்தால் அது தண்ணீர். 1 முதல் 4 வரை மிஞ்சினால் முதலாம் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஓடினால் மூன்றாம் நிலை. எல்லாச் சிரிஞ்சும் சரிவராது; பூச்சியத்தில் இருந்து 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை என் உயர்தர மாணவர்கள் ஐந்து பேரோடு பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். பச்சரிசிக் கஞ்சி, சிவப்பரிசிக் கஞ்சி, குரக்கன் கூழ். காத்தான்குடியில் இருந்து என் தோழி ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சி கொடுத்து விட்டிருந்தார். வடிகட்டிய கஞ்சி சூடாக இருக்கையில் ஓடியே போனது. அதே கஞ்சி ஆறியதும் சிரிஞ்சில் பாதிக்கு மேல் தங்கி நின்றது. அதே பானை, அதே அரிசி, அரை மணி நேர இடைவெளி. அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், வாயில எச்சில் பட்டா மாப்பொருள் உடையுமே, அப்ப கஞ்சி திரும்பவும் தண்ணியாகுமா?" எச்சிலில் உள்ள அமிலேசு என்ற நொதியம் பற்றிப் படித்ததை வைத்து அவள் கேட்டாள். மாப்பொருளால் தடித்த பானம் எச்சில் பட்டு இளகும் என்பது உண்மைதான். ஆனால் நம் சிவப்பரிசிக் கஞ்சி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இளகும்? ஆடைப்பால் சேர்த்தால்? மட்டக்களப்பு எருமைத் தயிரைக் கடைந்தால் அது எந்த நிலையில் வரும்? அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் இல்லை. அதை ஆராய்ச்சி என்று நான் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் ஒரு மேசையில் செய்தது. அதை முறையாகச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள். வெளிநாட்டில் தடிப்பாக்கும் மாவை டப்பாவில் விற்கிறார்கள். அதை வாங்க வசதி இல்லாத வீட்டுக்கு, "உங்கள் பானையில் இருக்கும் கஞ்சியையே இப்படிக் காய்ச்சுங்கள், இவ்வளவு ஆறவிடுங்கள், வடித்துக் கொடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க யாராவது வேண்டும். அந்தத் தாளின் பின்னால் அளந்து பார்த்த கணக்கு இருக்க வேண்டும்.

இதைவிட மலிவான ஒன்றும் இருக்கிறது: பல் துலக்குவது. 1998இல் சூசன் லாங்மோரும் கூட்டாளிகளும் 189 முதியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நிமோனியா யாருக்கு வருகிறது என்று தேடினால், விழுங்கும் குறை மட்டும் காரணமாக இருக்கவில்லை. பிறர் ஊட்டி விட வேண்டியவர்கள், பிறர் வாயைச் சுத்தம் செய்து விட வேண்டியவர்கள், சூத்தைப் பல் உள்ளவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். 2002இல் ஜப்பானில் இருந்து வந்த முடிவு இன்னும் நேரடியானது. முதியோர் இல்லங்களில் 366 பேரை இரண்டு வருடம் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாயைச் சுத்தம் செய்து விட்டவர்களில் 11 சதவீதத்துக்கும், வழமைபோல் விட்டவர்களில் 19 சதவீதத்துக்கும் நிமோனியா வந்தது. உள்ளே போவது எச்சிலோ கஞ்சியோ, அதோடு வாயில் உள்ள கிருமியும் போகிறது என்பதுதான் விஷயம். அப்பா வெற்றிலை போடுகிறவர். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த அத்தனை நாளும் நான் அவருடைய முகத்தைத் துடைத்தேன், தலை சீவினேன், திருநீறு பூசினேன். வாயைத் திறந்து பார்க்கவில்லை.

வெற்றிலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முன்னால் வெற்றிலை வட்டாவை வைக்காமல் பேச்சுத் தொடங்காது. கலியாணமும் அப்படித்தான், செத்தவீடும் அப்படித்தான். இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. நாக்கை வெட்டியவர்களும், கதிர்ச்சிகிச்சையில் தொண்டை இறுகியவர்களும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். லோகமன் சிகாகோவில் தேடிப் போய்ப் பார்த்த அதே நோயாளிகள் நமக்குப் பக்கத்து வளவில் இருக்கிறார்கள்.

இனிப் பேச்சு. தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களே, இது உங்களுக்கு.

அப்பா வீட்டுக்கு வந்து பத்துக் கிழமை இருக்கும். "தா, தா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஒருநாள் பின்னேரம் என் தம்பியின் பொடியன்கள் முற்றத்தில் கூத்துப் பழகினார்கள். மத்தளம் தொடங்கியதும் அப்பாவின் இடது கை கதிரைக் கைப்பிடியில் தட்டியது. பிறகு வாய் திறந்தது. அருச்சுனன் வரவுப் பாட்டை, ஒரு சொல் பிசகாமல், முழுசாகப் பாடினார். அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார். பாட்டு முடிந்ததும், "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "தா, தா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

இது அற்புதம் இல்லை, மருத்துவத்தில் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. பேச்சிழந்த ஒருவர் கோயில் பாட்டைப் பாடியதை 1745இலேயே சுவீடனில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1973இல் பொஸ்டனில் மூன்று பேர், மெட்டோடு இழுத்துச் சொல்லி இடது கையால் தட்டிப் பேச்சைத் திரும்பப் பழக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். 2011இல் ஜெர்மனியில் 17 பேரை வைத்துப் பார்த்தபோது, உதவியது மெட்டு என்பதைவிடத் தாளமும், மனதில் ஊறிப்போன சொற்களும்தான் என்று தெரிந்தது. தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லி ஆடும் ஊர் நம்முடையது. கல்லடியில் விபுலாநந்தர் பெயரில் இசையும் நடனமும் கற்பிக்கும் நிறுவகம் இருக்கிறது. கூத்தைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர்கள் இங்கே இருந்தார்கள், இருக்கிறார்கள். வடமோடித் தாளத்தில் "தண்ணி தா", "பசிக்குது", "நோகுது" என்ற சொற்களை வைத்துப் பழக்கினால், பேச்சிழந்த ஒருவருக்கு அவை திரும்பி வருமா? இந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் நம்மைவிட வசதியான இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. மூன்றாம் மாதம் அப்பாவை வேறு ஊரில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் கொண்டுபோனோம். பொறுமையானவர், நல்லவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. அவரிடம் இருந்த படங்கள் வெளிநாட்டில் அச்சிட்டவை: கம்பளிக் கையுறை, பனிச்சறுக்கு, ஸ்ட்ரோபெரிப் பழம். அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீர்க் கோப்பையை நீட்டியபோது, முதல் தடவையாக ஒரு சொல் சொன்னார்: "ஒள்ளுப்பம்." கொஞ்சம் போதும் என்று. சிகிச்சையாளர் அதை அர்த்தமில்லாத ஒலி என்று தாளில் குறித்துக்கொண்டார். நான் மறித்துச் சொன்ன பிறகு திருத்தினார். நான் அங்கே இல்லாதிருந்தால்? எத்தனை பேருடைய "மறுகா" (பிறகு என்பது) இப்படி அர்த்தமில்லாத ஒலி என்று கணக்கில் விழுந்திருக்கும்? அக்கரைப்பற்றில் ஒரு மூத்தம்மா "வாப்பா", "ராத்தா" என்று கூப்பிட்டால், திருக்கோவிலில் ஒரு ஐயா தன் வழக்கில் பதில் சொன்னால், அதைச் சரி என்று குறிக்க ஒரு பட்டியல் வேண்டாமா?

செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966இல், தமிழ்ப் பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்டியது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். அதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தமிழைப் பேசுகிறவர் பேச்சை இழந்தால், அவர் எதை இழந்தார் என்று அளக்க ஒரு கோல் நம்மிடம் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்த சோதனையை மொழிபெயர்த்தால் போதாது. நமக்கு நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ இருக்கின்றன. படு, பாடு என்று நீட்டலில் அர்த்தம் மாறுகிறது. படு, பட்டு என்று ஒற்றில் மாறுகிறது. நாக்கின் நுனி பலமிழந்தவருக்கு முதலில் போவது எந்த எழுத்து, திரும்பி வருவது எந்த எழுத்து? நான்கு வயதுப் பிள்ளை "ழ" சொல்லாவிட்டால் பயப்பட வேண்டுமா, பொறுத்திருக்கலாமா? பிள்ளையின் தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் துறையில் ஒரு மாணவர் வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை பாலர் பாடசாலைகளில் இருந்து கேட்டுப் பதிந்தால் பதில் கிடைக்கும்.

எனவே நான் கேட்பது இதுதான். விழுங்குவதையும் பேச்சையும் ஆராய்வதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஒருவரை இங்கிருந்து உருவாக்குங்கள். ஒரு பயிலரங்கு, ஒரு நினைவுப் பேருரை என்று முடித்துவிட வேண்டாம். ஒரே ஒருவராக இருந்தாலும் போதும். நாட்டில் இதற்கான பட்டப்படிப்பு ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கே படித்துவிட்டு வரும் தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஆராய்ச்சி செய்ய ஓர் இடமும், வழிகாட்ட ஒரு மருத்துவரும் ஒரு மொழியியலாளரும் சேர்ந்து இருந்தால், அந்தப் பிள்ளை திரும்பி வரும். இரவு ரயிலில் நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அந்த ஓர் இடத்தின் பெறுமதியைச் சொல்லும்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் உங்கள் மாணவர்களுக்கு இப்போதே கொடுக்கலாம். கஞ்சியை அளப்பது ஒரு பிள்ளைக்கு. வாட்டுகளில் வாய்ச் சுத்தம் பற்றி ஒரு தாதியியல் மாணவிக்கு. நம் வீட்டுப் பொருட்களை, உலக்கை, சுளகு, அகப்பை, தோணி, மத்தளம் என்று வரைந்து ஒரு படப் பட்டியல் செய்வது தமிழ் படிக்கும் பிள்ளைக்கு. முதல் வாய் கொடுக்க முதல் ஒவ்வொரு பாரிசவாத நோயாளியையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு வாட்டில் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேருக்கு நிமோனியா என்று எண்ணுவது ஒரு மருத்துவ மாணவருக்கு. எண்ணிக்கை சின்னதாக இருக்கட்டும். லோகமனும் ஒரு மில்லிலீற்றரில்தான் தொடங்கினார்.

என் வகுப்பில் வருடா வருடம் நடப்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து மருத்துவம் கிடைக்காமல் போன பிள்ளை, வாழ்க்கையே முடிந்ததுபோல் வீட்டுக்குள் படுத்துக்கொள்கிறது. பெற்றோர் வெளியே முகம் காட்டுவதில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான பிள்ளைகள். எச்சிலும் கஞ்சியும் பற்றிக் கேட்டவளும் அதில் ஒருத்தி. டொக்டர் ஆகாமலே ஒரு பெண் உலகம் முழுக்க டொக்டர்மார் விழுங்குவதைப் பார்க்கும் விதத்தை மாற்றினார் என்று அவளுக்குச் சொன்னேன். "நானும் செய்யலாமா மிஸ், எங்க போய் செய்யிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

அப்பா பதினொரு மாதம் இருந்தார். மாசி மாதம் திரும்பவும் நெஞ்சில் சளி கட்டியது. இந்த முறை மீளவில்லை. கடைசிக் கிழமை வரை மத்தளச் சத்தம் கேட்டால் இடது கை தட்டும்.

அவர் பாடியதும், பாட்டு முடிந்த பின் கதைக்க முயன்றதுமாகப் பதினான்கு பதிவுகள் என் தொலைபேசியில் இருக்கின்றன. முதலாவது பத்தாம் கிழமையில் எடுத்தது, கடைசியானது தை மாதம். ஒவ்வொன்றிலும் திகதியும், அன்று அவர் சொன்ன சொற்களும் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவும் தம்பியும் சம்மதித்திருக்கிறார்கள். உங்களில் யாருக்கு ஆராய்ச்சிக்குத் தேவையோ அவருக்குத் தருகிறேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடம் சனிக்கிழமைகளில் திறந்திருக்கும். சிரிஞ்ச் இருக்கிறது, அளவு பார்த்து வாங்கியது. கஞ்சி அம்மா காய்ச்சித் தருவார்.

இப்படிக்கு,
அண்ணாவியாரின் மகள்,
படுவான்கரை